மலட்டுத்தன்மை

மலட்டுத்தன்மை என்பது, கருத்தடை முறை எதையும் கைக்கொள்ளாமல் 12 மாதங்களோ அதற்கு மேலோ முறையாக உடலுறவு கொண்டும் கருத்தரிக்காத நிலையாகும். முன்பு ஒருமுறை கருத்தரித்தவர்களுக்குப் பின்னர் கருத்தரிக்காமற் போவது இரண்டாம் நிலை மலட்டுத்தன்மை எனப்படும். உலக நலவாழ்வு அமைப்பின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இந்நிலைக்கு உள்ளாகின்றனர். இது பெண்ணுக்கு மட்டும் உரிய குறைபாடன்று. குழந்தையில்லாத இணையர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறைபாடு தனிக் காரணமாகவோ துணைக் காரணமாகவோ அமைகிறது.

சொல்லும் வழக்கும்

குழந்தை பெறாத பெண்ணை 'மலடி' என இழித்துரைக்கும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக உள்ளது. 'மலடன்' என்னும் சொல் இருப்பினும் பேச்சு வழக்கில் அரிதாகவே ஆளப்படுகிறது. 'அரச மரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்' என்ற பழமொழியும் பெண்ணையே சுட்டுகிறது. விரதமிருப்பதும் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதும் பெரும்பாலும் அவள் கடனாகவே கருதப்படுகின்றன. கணவனைப் பரிசோதிக்காமலே அவனுக்கு மறுமணம் பேசுவதும் உண்டு. குழந்தையில்லாத இணையர் படும் இழிவை மையமாகக் கொண்ட பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) புதினம் கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 2016-இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பால் காக்கப்பட்டது. இன்றைய மருத்துவ எழுத்துகளில் 'குழந்தையின்மை' என்ற சொல்லும் பரவலாக வழங்குகிறது.

கருத்தரித்தல்

மாதவிடாய்ச் சுழற்சியின் இடையில் சினைப்பையிலிருந்து வெளிப்படும் கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம் வரையே உயிர்ப்புடன் இருக்கும். விந்தணுக்கள் பெண்ணின் உடலில் ஐந்து நாட்கள் வரை வாழக்கூடியவை. எனவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமே கருத்தரிக்க ஏற்றவை. கருக்குழாயில் விந்தணுவும் முட்டையும் இணைந்து உருவாகும் கரு, கருப்பையை அடைந்து பதிகிறது.

பெண்களிடம் காரணங்கள்

* சினைப்பை நீர்க்கட்டி நோய், தைராய்டுக் குறைபாடு முதலியவற்றால் முட்டை சீராக வெளிப்படாமை.
* நோய்த்தொற்றால் கருக்குழாய் அடைபடுதல். இந்தியாவில் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய் இதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று.
* கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்தல், கருப்பைக் கட்டிகள்.
* வயது. முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் 35 வயதுக்குப் பின் விரைவாகக் குறைகின்றன. ஆகவே அவ்வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதங்களிலேயே மருத்துவரை அணுக வேண்டும்.

ஆண்களிடம் காரணங்கள்

* விந்தணுக்களின் எண்ணிக்கை, இயக்கம், வடிவம் ஆகியவற்றில் குறைபாடு.
* விதைப்பையில் இரத்த நாளங்கள் புடைத்தல், பிறப்பிலேயே விதை கீழிறங்காமை, பருவமடைந்த பின் வரும் பொன்னுக்கு வீங்கியால் விதை பாதிக்கப்படுதல்.
* விந்து செல்லும் குழாயில் அடைப்பு.
* புகையிலை, மிகுந்த குடி, நீரிழிவு, உடற்கட்டுக்காக எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் மருந்துகள்.

ஆண்மைக்குறைவும் மலட்டுத்தன்மையும் வெவ்வேறானவை. உடலுறவில் எக்குறையும் இல்லாத ஆணின் விந்தில் ஓர் அணுவும் இல்லாமல் இருக்கலாம். விந்து வெறுங்கண்ணுக்கு இயல்பாகவே தோன்றும். ஆகையால் ஆய்வகப் பரிசோதனையின்றி 'எனக்குக் குறையில்லை' என ஓர் ஆண் உறுதியாகக் கூற இயலாது. முன்பே ஒரு குழந்தைக்குத் தந்தையானவருக்கும் இது பொருந்தும்.

பரிசோதனைகள்

இருவரையும் ஒரே காலத்தில் பரிசோதிப்பதே சரியான முறையாகும். விந்துப் பரிசோதனை எளியது; வலியற்றது. இரண்டு முதல் ஏழு நாட்கள் விந்து வெளியேற்றாமல் இருந்து மாதிரியைத் தர வேண்டும். உலக நலவாழ்வு அமைப்பின் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்கள் என்பது எண்ணிக்கையின் கீழ்வரம்பாகும். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆவதால், குறை தென்பட்டால் சில வாரங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதிப்பர். பெண்ணுக்கு இரத்தத்தில் ஹார்மோன் அளவுகள், ஸ்கேன், கருக்குழாய் அடைப்பைக் காணும் எக்ஸ்-ரே ஆகியன செய்யப்படுகின்றன. ஆணின் விந்தைப் பரிசோதிக்காமல் பெண்ணுக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் மருத்துவம் செய்வதால், அவளது வயது என்னும் மீளாத பொருள் வீணாகிறது.

மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டியிருப்பதால், ஊர்ப்புறத்தில் வாழ்வோர் அதை ஆய்வகத்திலேயே தருவது நன்று. சான்றாக, விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்துள்ள ஒலக்கூர் வட்டாரத்தினர் திண்டிவனம் அரசு மருத்துவமனையையும், அங்கிருந்து முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். மனைவியை மட்டும் அனுப்பாமல் கணவனும் முதல் நாளே உடன் செல்வது பயணத்தையும் செலவையும் குறைக்கும்.

மருத்துவம்

பலருக்கு மாத்திரைகளோ சிறு அறுவை மருத்துவமோ போதுமானது. பயனில்லையெனில், தூய்மைப்படுத்திய விந்தணுக்களைக் கருப்பையினுள் செலுத்துவர். அடுத்த நிலையில் உடலுக்கு வெளியே கருவுறச் செய்வர். 1992-இல் அறிவிக்கப்பட்ட, ஒரே விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் முறை, அணுக்கள் மிகக் குறைந்த ஆண்களுக்கும் வழி திறந்தது. எம்முறையும் வெற்றியை உறுதி செய்வதன்று. தத்தெடுத்தலும், குழந்தையின்றி வாழ்தலும் இணையர் தாமே தேர்ந்துகொள்ளத்தக்க வழிகளாகும்.

வரலாறு

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 சூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் துர்கா பிறந்தார். அவரது கூற்று அப்போது ஏற்கப்படவில்லை. 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். பின்னரே அவருக்கு உரிய சிறப்பு கிடைத்தது. 1990-இல் மருத்துவர் கமலா செல்வராஜ் சென்னையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்க வழிசெய்தார். எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையில் அரசு கருத்தரிப்பு மையம் 2024-இல் தொடங்கப்பட்டது.

சட்டம்

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற மையங்களே செயற்கைக் கருத்தரிப்பு மருத்துவம் அளிக்கலாம். பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயது வரம்பு உண்டு. எழுத்து மூலமான ஒப்புதல் இன்றியமையாதது. கருவின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பது குற்றமாகும். அதே ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் வணிக நோக்கிலான வாடகைத் தாய் முறையைத் தடை செய்கிறது.