புகைப்படப் பிரதியும் உழைப்புப் பிரிவினையும்: கல்முனைப் பிரதேசத்தை முன்னிறுத்திய சில குறிப்புகள்

மாவடிப்பள்ளியிலே, வயல்களை அண்டிய பழைய வீடுகளின் அலுமாரிகளில் இருவகைப் புகைப்படங்களைக் காணலாம். அடையாள அட்டைக்கென எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒருவகை. எழுபதுகளின் இறுதிக்குப் பின் வந்த வண்ணப் படங்கள் மற்றையது. முன்னையவற்றுட் பல இன்றும் தெளிவாயுள்ளன. பின்னையவற்றுட் பல செம்மை படர்ந்து, முகம் கரைந்துவிட்டன. பழையது நிலைக்கப் புதியது அழிந்ததேன்? வெள்ளித் துகளாலான பிம்பம் நிலைக்க, அக்காலச் சாயங்கள் வெப்பத்திலும் ஈரலிப்பிலும் மங்கின என்பது இரசாயன விடை. எனினும் அவ்விடை முழுமையானதன்று. இவ்வினா உழைப்பின் வரலாற்றோடும் தொடர்புடையது என்பதே எமது கருத்து.

இப்பிரதேசத்துக் கமக்காரர் பலரிடம் முதற் புகைப்படம் கலைப்பொருளாக வந்து சேரவில்லை. அரசின் தேவையாகவே வந்தது. ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1968இல் நிறைவேறியது. 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. உருவப்படம் பற்றி மார்க்கத் தயக்கம் கொண்டிருந்தோரும் கமராவின் முன் அமர வேண்டியவராயினர். அன்றைய ஸ்டூடியோக்காரர் ஒரு கைவினைஞர். இருட்டறையிலே தாமே கழுவினார், தாமே அச்சிட்டார். வெயிலிற் கறுத்த முகம் பிரதியில் இருண்டுவிடாதபடி, ஒளி விழும்போது தமது கையாலேயே நிழல் தந்து காத்தார். வாடிக்கையாளரின் முகம் அவருக்குத் தெரியும். இறுதியாக நன்னீரில் நெடுநேரம் அலசினார். அப்படங்கள் நிலைத்தமைக்கு அவ்வலசலும் ஒரு காரணமாகும்.

இவ்வுழைப்பைக் கூறுபோடும் போக்கு 1888இலேயே தொடங்கிவிட்டது. அவ்வாண்டு ஜோர்ஜ் ஈஸ்ற்மன் விற்ற கொடாக் கமராவில் நூறு படங்களுக்குரிய சுருள் இருந்தது. எடுத்து முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். எடுப்பவர் வேறு, அச்சிடுபவர் வேறு என்ற பிரிவினை அவ்வாறு வணிக நெறியாயிற்று. 1954இல் ஐக்கிய அமெரிக்காவில் ஏற்பட்ட நீதிமன்ற இணக்கத் தீர்ப்பின்படி, வண்ணச் சுருளின் விலையோடு கழுவும் கட்டணத்தையும் சேர்த்து அறவிடுவதைக் கொடாக் கைவிட நேர்ந்தது. தனியார் கலர் லாப்புகள் பெருகின. அவற்றின் அச்சுப்பொறிகளைச் சீர்செய்வதற்கு மாதிரிப் படமொன்று வழங்கப்பட்டது. அதில் இருந்தவள் வெள்ளையினப் பெண். 'சேர்லி அட்டை' எனப்பட்ட அதனைக் கனடிய ஆய்வாளர் லோர்ணா ரொத் 2009இல் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவளது தோலே சரியான தோலின் அளவுகோலாயிற்று. பல நிறத்தவரைக் கொண்ட அட்டைகளைக் கொடாக் வெளியிட்டது தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலேதான்.

இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரமும் மத்திய கிழக்கிலிருந்து வந்த உழைப்பின் கூலியும் வண்ணப் படத்துக்குச் சந்தையை உருவாக்கின. எழுபதுகளின் இறுதியில் யப்பானில் உருவான சிறு லாப் இயந்திரம் பின்னர் மாகாண நகரங்களுக்கும் வந்தது. ஸ்டூடியோக்காரர் சுருள் சேகரித்து அனுப்பும் முகவரானார். இயந்திரத்தை இயக்குபவரோ முகத்தை நேரிற் காணாதவர். உழைப்பாளி தன் உழைப்பின் பயனிலிருந்து அந்நியமாவது பற்றி மார்க்ஸ் கூறியது இங்கு கண்கூடாகிறது. கறுத்த முகம் இருண்டோ, சாம்பல் பூத்தோ வந்தபோது, "படம் சரியில்லை" என்று நாம் எமது முகத்தையே நொந்துகொண்டோம். அளவுகோலை ஐயுறவில்லை.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனைக் கரைகளை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளோடு படங்களும் போயின. உறவினர் வீட்டிலே தங்கியிருந்த ஒற்றைப் பிரதியே பல குடும்பங்களுக்கு இறந்தவரின் முகமாக எஞ்சியது. ஏடும் கல்வெட்டும் எழுதாத மக்களுக்குப் பிரதி ஆவணமாகும் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துவதற்கில்லை.

எனவே நல்ல பிரதியைக் கேட்டுப் பெறுதல் ஆடம்பரமன்று. இன்று கைத்தொலைபேசிப் படத்தைச் செய்திச் செயலி வழியே அனுப்பினால் அது சுருங்கிவிடும். மூலக் கோப்பையே கொடுத்தல் வேண்டும். ஆறுக்கு நான்கு அங்குலப் பிரதிக்கு 1800க்கு 1200 புள்ளிகள் போதும். தொலைபேசிப் படம் பெரும்பாலும் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தது. முழுத்தாளையும் நிரப்பினால் ஓரம் வெட்டுப்படும். ஆதலின் வெள்ளை விளிம்புடன் அச்சிடச் சொல்லலாம். தன்னியக்கத் திருத்தத்தை நிறுத்தி, ஒரு மாதிரிப் பிரதி பெற்று, அதனைப் பகல் வெளிச்சத்திற் பார்த்து, முகத்தின் நிறத்தை இயக்குபவரோடு பேசித் தீர்மானித்தல் நன்று. இரு பிரதிகள் எடுத்து இரு வீடுகளில் வைத்தல் இக்கரையின் அனுபவம் கற்பித்த பாடமாகும்.

இயந்திரத்தை நாம் பழிக்கவில்லை. இருட்டறையிலே கைவினைஞரும் வாடிக்கையாளரும் பகிர்ந்துகொண்ட தீர்ப்பு இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதனை மீளப் பெறலாம் என்பதே எமது முடிபு. எம் மக்களின் முகம் எவ்வாறிருந்தது என்பதை நாளை சொல்லவிருப்பவை இப்பிரதிகளே.