அரிசியின் விலையும் தேயிலையின் விலையும்

தோட்டத் தொழிலாளரின் வாழ்வை இரண்டு விலைகள் ஆண்டு வந்திருக்கின்றன. ஒன்று, அவர்களுடைய உழைப்பில் விளையும் தேயிலையின் விலை. மற்றொன்று, அவர்கள் உலையில் இடும் அரிசியின் விலை. இரண்டையும் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. தேயிலையின் விலையை ஏல மண்டபங்கள் தீர்மானித்தன. அரிசியின் விலையை அயல்நாட்டு விளைச்சலும் யுத்தமும் டொலரின் மதிப்பும் தீர்மானித்தன. ஆயினும், தொழிலாளியின் கூலி இவ்விரண்டு விலைகளில் எதனோடு பிணைக்கப்பட வேண்டும் என்ற கேள்வியில் உழைப்போருக்கும் உடைமையாளருக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு போராட்டம் நடந்து வருகிறது. மலைநாட்டுச் சரித்திரத்தை இந்த ஒரு கேள்வியைத் துணைகொண்டு படித்தால், பணவீக்கம் என்பது மழையும் வெயிலும் போலத் தானாக வந்து போகும் இயற்கை நிகழ்ச்சி அல்ல என்பது புலப்படும்.

அவ்வாறு படிப்பதற்கு எல்கடுவ தக்க இடம். மாத்தளையிலிருந்தும் வத்தேகமவிலிருந்தும் வளைந்தேறும் பாதைகள் சேரும் மலையூர் அது. ஹுன்னஸ்கிரி அருவியைக் காணவரும் உல்லாசப் பயணிகளுக்கு அது அழகிய ஊர். பொழுது புலருமுன் பெரட்டுக்களத்தில் நிற்கும் கொழுந்துக்காரிகளுக்கு அது கணக்குப் பார்க்கும் ஊர். இன்றைக்கு எத்தனை கிலோ, முழுப்பேரா, அரைப்பேரா, மாத முடிவில் கைக்கு எவ்வளவு என்ற கணக்கே அங்கு வாழ்க்கையின் கணக்கு.

மாத்தளைப் பிரதேசத்துக்கு இந்தக் கணக்கு கோப்பிக் காலத்திலேயே வந்துவிட்டது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், காட்டுவழியே தம்புள்ளயைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். அந்நாளிலேயே இம்மலைகள் உலகச் சந்தையின் கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. 1847இல் பிரித்தானியாவில் வர்த்தக நெருக்கடி மூண்டது. கோப்பியின் விலை சரிந்தது. குடியேற்ற அரசாங்கம் தன் வருமானக் குறையை நிரப்பச் சிங்களக் கிராமத்தாரின் மீது புதிய வரிகளைச் சுமத்தியது. 1848இல் மாத்தளையில் கலகம் வெடித்தது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். லண்டனில் ஒரு விலை சரிந்தால் மாத்தளையில் ஓர் உயிர் போகும் என்ற பாடத்தை இம்மாவட்டம் அன்றே கற்றுக்கொண்டது.

தோட்டத்துக்கு வந்த தொழிலாளி கடனோடு வந்தான். பிரயாணச் செலவு, கங்காணி கொடுத்த முன்பணம், தோட்டம் அளந்த அரிசி ஆகிய எல்லாம் அவன் பெயரில் எழுதப்பட்டன. கடன் தீராமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது; புதிய துரை அந்தக் கடனை ஏற்றுக்கொள்ளும் ‘துண்டு’ இருந்தால்தான் போகலாம். அரிசி கூலியின் ஒரு பகுதியாக அளக்கப்பட்டுப் பின்னர்ச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. ஆகவே, அரிசிக்குத் தோட்டம் வைக்கும் விலை சற்று உயர்ந்தால் கூலி தானாகவே தாழ்ந்துவிடும். கூலியைக் குறைத்ததாக எவரும் அறிவிக்க வேண்டியதில்லை. பணவீக்கத்தின் இரகசியம் முழுவதும் இந்தச் சிறு ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது.

துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலும் பொதுஜன அபிப்பிராயமும் சேர்ந்து 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தைக் கொண்டுவந்தன. 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, உயர் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஒரே மலையில் ஒரே வெயிலில் உழைத்த பெண்ணின் பசி, ஆணின் பசியைவிட 11 சதம் குறைவானது என்று சட்டமே கணித்திருந்தது!

அதே 1929இல் அமெரிக்காவின் பங்குச் சந்தை சரிந்தது. உலக மந்தம் தேயிலை விலையை வீழ்த்தியது. 1931 முதல் 1933 வரை சட்டபூர்வமான கூலியே படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அரிசியின் விலையும் இறங்கிவிட்டதே என்பது அதற்குக் காட்டப்பட்ட நியாயங்களுள் ஒன்று. கூலியை அரிசியோடு பிணைக்கும் கொள்கை, விலை இறங்கும்போது முதலாளிக்கு உடனே நினைவுக்கு வந்தது. விலை ஏறும்போதும் அது நினைவுக்கு வரவேண்டுமானால் தொழிலாளருக்குச் சங்கம் வேண்டியிருந்தது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்து இக்கூலிக் குறைப்பை எதிர்த்து நின்றது இந்தப் பின்னணியிலேதான்.

1936இல் எல்கடுவவுக்கு அயலிலுள்ள மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தோட்டத் தொழில் பயில வந்த பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர், துரைமாரின் பக்கம் நில்லாமல் தொழிலாளரின் பக்கம் நின்றார். 1937 ஏப்ரலில் அவரை நாடுகடத்த ஆணை பிறந்தது. சமசமாஜிகள் அவரை மறைத்து வைத்தனர்; மே மாதம் காலிமுகத் திடலில் மக்கள் முன் தோன்றச் செய்தனர்; உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். இவ்விரு நிகழ்ச்சிகளும் அரசாங்கத்துக்கு ஓர் உண்மையை உணர்த்தின: மலை இனி மௌனமாக இராது.

யுத்தம் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானின் கைக்குப் போனதும் இலங்கையின் உலைக்கு அரிசி வந்த வழி அடைபட்டது. விலைகள் துள்ளின. இக்காலத்திலேதான் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் சட்டத்தின் துணையோடு, அடிப்படைச் சம்பளத்துடன் வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணை ஒட்டிய பஞ்சப்படியும் தோட்டத் தொழிலாளருக்கு உரியதாயிற்று. சுட்டெண் ஏறினால் படியும் ஏறும். அந்தப் படி போதுமானதாக இருந்தது என்று எவரும் சொல்லார். ஆனால் கொள்கை அளவில் அது ஒரு பெருவெற்றி. அரிசி விலை ஏறும்போது அந்தச் சுமையில் ஒரு பங்கை முதலாளியும் தாங்க வேண்டும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

உலகின் மறுகோடியிலும் அப்போது இதே வழக்கு நடந்துகொண்டிருந்தது. யுத்தம் முடிந்த கையோடு அமெரிக்காவில் விலைக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, விலைகள் ஏறின, 1946இல் 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தங்களில் இறங்கினர். ஜெனரல் மோட்டோர்ஸ் ஆலைகளில் 113 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் வால்ட்டர் ரூதர் எழுப்பிய கோரிக்கை இன்றும் நினைக்கத்தக்கது: கார்களின் விலையை உயர்த்தாமலே கூலியை 30 சதவீதம் உயர்த்துங்கள், முடியாதென்றால் கணக்குப் புத்தகங்களைத் திறந்து காட்டுங்கள். கம்பனி புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆனால் 1948இல் விலைவாசிச் சுட்டெண்ணோடு கூலியை இணைக்கும் ஒப்பந்தத்துக்கு இணங்கியது. டிட்ரொயிட்டின் கார்த் தொழிலாளியும் மாத்தளை மலையின் கொழுந்துக்காரியும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே பத்தாண்டில் ஒரே கொள்கையை வென்றெடுத்திருந்தனர்.

ஆனால் அமெரிக்கத் தொழிலாளியிடம் வாக்குச்சீட்டு இருந்தது. மலையகத் தொழிலாளியிடமிருந்து அது 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் பறிக்கப்பட்டது. அதன் பலனை 1953 காட்டியது. கொரிய யுத்தத்துக்காக அமெரிக்கா றப்பரை வாங்கிக் குவித்தபோது ஏறிய ஏற்றுமதி விலை, பின்னர் இறங்கியது. அரிசியின் இறக்குமதி விலையோ ஏறியது. இலங்கை 1952இல் சீனாவோடு றப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தபோது அமெரிக்கா உதவியை மறுத்துத் தன் அதிருப்தியைக் காட்டியது. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பின்னர்ப் பதவி துறந்தார். வாக்குள்ள மக்களின் கோபம் ஒரு பிரதமரை வீழ்த்த வல்லதாயிருந்தது. வாக்கில்லாத மக்களின் பசிக்கு அந்த வல்லமை இல்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலக உணவு விலையும் எண்ணெய் விலையும் ஒருங்கே எகிறிப் பங்கீட்டு அரிசியும் மாவும் சுருங்கியபோது, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அவற்றுக்காக எந்த மந்திரியும் பதவி துறக்கவில்லை.

1977இல் வந்த திறந்த பொருளாதாரம் ரூபாவின் மதிப்பைச் சரித்து, உணவு மானியங்களையும் வெட்டியது. 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி நடத்திய வேலைநிறுத்தம் கூலி உயர்வையும், அதனினும் மேலாக, பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலியையும் பெற்றுத் தந்தது. 1929இல் சட்டம் எழுதிய 11 சதத்தின் அநீதியைத் துடைக்க 55 ஆண்டுகள் ஆயின.

ஆனால் அக்காலத்தில் உலகக் காற்று திரும்பிவிட்டிருந்தது. அமெரிக்காவின் மத்திய வங்கி பணவீக்கத்தை அடக்குவதாகச் சொல்லி வட்டியை 20 சதவீதம் வரை ஏற்றியது, ஆலைகள் மூடப்பட்டன. 1981இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 11,000க்கும் மேற்பட்டோரை ஜனாதிபதி றேகன் ஒரே ஆணையில் வேலைநீக்கினார். பணவீக்கத்தின் மருந்துச் செலவையும் தொழிலாளியே கொடுக்க வேண்டும் என்பது புதிய பொருளாதாரத்தின் முதல் விதியாயிற்று. 2009இல் அமெரிக்கக் கார்த் தொழிலாளர் தம் பஞ்சப்படியையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

மலைநாட்டிலும் அதே காற்று வீசியது. 1970களில் தேசியமயமான தோட்டங்கள் 1992இல் கம்பனிகளாக வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று எல்கடுவ என்ற பெயரையே தாங்கியது. சம்பளத்தைச் சம்பளச் சபையன்றி, முதலாளிமார் சம்மேளனமும் மூன்று தொழிற்சங்கங்களும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தமே இனித் தீர்மானிக்கும் என்றாயிற்று. இந்த ஒப்பந்தங்களின் சம்பளக் கணக்கில் ஒரு புதிய உருப்படி நுழைந்தது: தேயிலை விலைக்கேற்ற கொடுப்பனவு. பெயர் சிறியது; அதனுள் நிகழ்ந்த மாற்றமோ பெரியது. அரிசியின் விலையோடு இருந்த உறவு தளர்ந்து, கூலி தேயிலையின் விலையோடு உறவு கொண்டது. வியாபாரத்தின் நட்டத்தில் தொழிலாளிக்குப் பங்கு கிடைத்தது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை.

இதன் விளைவை இலக்கங்களே கூறட்டும். 2016இல் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, வரவு, உற்பத்தி, விலைக் கொடுப்பனவுகள் 60, 140, 30 ரூபா, மொத்தம் 730. ஆயிரம் ரூபாவுக்கான போராட்டத்தின் பின் 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆயிற்று. ஆனால் வரவுக்கும் உற்பத்திக்கும் உரிய கொடுப்பனவுகள் நீக்கப்பட்டு, விலைக் கொடுப்பனவு 50 ரூபாவாகியது, மொத்தம் 750. இருநூறு ரூபா உயர்வு என்று முழங்கப்பட்டதில், அனைத்தும் பெற்று வந்தவருக்குக் கிட்டியது இருபது ரூபா! 2021 மார்ச்சில் சம்பளச் சபை 900 ரூபாவும் 100 ரூபாப் படியும் என விதித்தபோது, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. பல தோட்டங்களில் ஒரு பேருக்குரிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டது.

ஆறு ஆண்டுகள் கேட்டுப் பெற்ற அந்த ஆயிரத்தைப் பணவீக்கம் ஓராண்டில் தின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களுக்கு 94.9 சதவீதம். முந்திய செப்டெம்பரில் 1,000 ரூபாவுக்கு வாங்கியதை இப்போது வாங்க ஏறத்தாழ 1,700 ரூபா வேண்டும். உணவாயின் ஏறத்தாழ 1,950 ரூபா. விலைகள் பழைய மட்டத்துக்குத் திரும்பவில்லை. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட 1,700 ரூபா நீதிமன்ற வழக்குகளில் சிக்கி, செப்டெம்பரில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமாகச் சுருங்கியது. பழைய பஞ்சப்படி முழு அளவில் இருந்திருந்தால் சுட்டெண்ணே பெற்றுத் தந்திருக்கக் கூடியதை, இரண்டாண்டு மன்றாடியும் தொழிலாளர் பெறவில்லை.

எல்கடுவவின் பெயர் தாங்கிய கம்பனி அரசுடைமையானது. அதுவும் ஏனைய இரு அரச தோட்ட நிறுவனங்களும் தொழிலாளரின் சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியையும் நிலுவையாக வைத்தமை பாராளுமன்றக் குழுக்களின் விசாரணைக்கே உள்ளாகியுள்ளது. கோப்பிக் காலத்தில் தொழிலாளி தோட்டத்துக்குக் கடன்பட்டிருந்தான். அக்கடன் அவனை மலையோடு கட்டிப் போட்டது. இன்று தோட்டம் தொழிலாளிக்குக் கடன்பட்டிருக்கிறது. அக்கடனோ ரூபாவின் மதிப்பு குறையக் குறையத் தானே கரைகிறது. ஏழையின் கடன் வளர்கிறது, உடையவனின் கடன் தேய்கிறது. பணவீக்கம் எல்லோருக்கும் பொதுவான துன்பம் என்போர் இந்தக் கணக்குக்கு விடை சொல்ல வேண்டும்.

கூலியை உயர்த்தினால் விலைவாசி உயரும், தொழில் அழியும் என்ற உபதேசம் இப்போதும் கேட்கிறது. 2022இன் விலைகளை ஏற்றியது கொழுந்துக்காரியின் ஆயிரம் ரூபாவா? அந்நியச் செலாவணி வரண்டதும், கடன் முறிந்ததும், நாணயம் வீழ்ந்ததும், இரசாயன உரத்தை ஓர் ஆணையில் தடைசெய்ததும் அவள் எடுத்த முடிவுகளா? அவற்றைச் செய்தோர் எவரும் அரைப்பேருக்கு வேலை செய்யவில்லை.

2023இல் அமெரிக்கக் கார்த் தொழிலாளர் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்து, 2009இல் இழந்த பஞ்சப்படியை மீட்டனர். இழந்த கொள்கையை மீட்க முடியும் என்பதற்கு அது சான்று. மலைநாட்டின் சங்கங்களும் ஒவ்வோர் இலக்கத்துக்காகவும் தனித்தனியே அலைவதை விடுத்து, கூலியை மீண்டும் அரிசியின் விலையோடு பிணைக்கும் கோரிக்கையை ஒன்றுபட்டு எழுப்ப வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் அக்கோரிக்கையின் நியாயத்தை நாட்டுக்கு எடுத்துரைக்க வேண்டும். தேயிலையின் விலை முதலாளியின் கவலை. அதன் இலாபம் அவன் கைக்குப் போகும்வரை, அதன் நட்டமும் அவனுடையதே. தொழிலாளியின் கூலிக்கு அளவுகோல் அவள் வீட்டு உலைதான்.