மீன் நஞ்சும் அதன் அளவையும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கிழக்கிலங்கை ஊர்களின் வாழ்வு கடலோடும் வயலோடும் பிணைந்தது. விடியலிற் கரைவலையில் ஏறிய மீன், கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து, நெல்வயல்களின் நடுவேயுள்ள சவளக்கடை போன்ற ஊர்களைச் சென்றடையும்போது வெயில் நன்கு ஏறிவிடுகின்றது. மீன் வாங்குவோர் செவுளின் செம்மையையும் கண்ணின் தெளிவையும் தசையின் உறுதியையும் பார்க்கின்றனர், முகர்ந்தும் பார்க்கின்றனர். இச்சோதனைகள் மிகப் பழையன, பெரும்பாலும் பிழைபடாதன. எனினும் இவற்றுக்கு எட்டாத நஞ்சு ஒன்றுண்டு. நிறமும் மணமும் பெரிதும் மாறாத மீனிலும் அது மறைந்திருத்தல் கூடும். அந்நஞ்சை மனிதன் அளக்கக் கற்றவாறும், அவ்வளவை நம் நாட்டு நோயாளர்க்குப் பயன்பட்டவாறும் ஈண்டு ஆராயற்பாலன.

உயிர்களின் உடலிலுள்ள புரதங்கள் அமினோவமிலங்களால் ஆனவை. பற்றீரியாக்களின் நொதியங்கள் ஓர் அமினோவமிலத்திலிருந்து காபனீரொட்சைட்டை அகற்றுமாயின் எஞ்சுவது ஓர் அமீன் ஆகும். உயிர்த்தொழிலால் விளைவதால் இவ்வினத்துப் பொருள்களை உயிர்வழி அமீன்கள் என்பர். 1885ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய மருத்துவரான பிரீகர், அழுகிய ஊனிலிருந்து புத்திரசீன், கடவரீன் என்னும் இரண்டைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். 1907இல் வின்தௌஸ், வோக்ட் என்னும் இருவர் ஹிஸ்டமீனை ஆய்வுகூடத்தில் ஆக்கினர். 1910இல் இங்கிலாந்தில் பார்ஜரும் டேலும் எர்கொட் என்னும் பூஞ்சணத்தில் அதனைக் கண்டனர். அதே ஆண்டில் டேலும் லெய்ட்லோவும் அது குருதியழுத்தத்தைத் தாழ்த்துவதையும் தசையைச் சுருக்குவதையும் விளக்கினர். ஹிஸ்டிடீன் என்னும் அமினோவமிலத்திலிருந்து பற்றீரியாக்கள் அதனை ஆக்குகின்றன என்பதை அக்கர்மன் காட்டியதும் அவ்வாண்டிலேயே ஆகும்.

பொருள் அறியப்பட்டது, அதனை அளப்பது எங்ஙனம்? ஆய்வாளர் முதலிற் கைக்கொண்ட அளவுகோல் உயிருள்ள தசையே. கினிப்பன்றியின் சிறுகுடற்றுண்டு ஒன்றை இளஞ்சூடான உப்புக்கரைசலில் தொங்கவிட்டு, அதன் ஒரு முனையை நெம்புகோல் ஒன்றோடு இணைப்பர். ஹிஸ்டமீன் துளியளவு கலப்பினும் குடல் சுருங்கும். நெம்புகோல் புகைபூசிய தாளிற் கோடு வரையும். அளவு தெரிந்த ஹிஸ்டமீன் வரையும் கோட்டோடு சோதனைப் பொருளின் கோட்டை ஒப்பிட்டு அளவை மதிப்பிடுவர். நுண்ணிய அளவையும் காட்டவல்ல இம்முறைக்கு ஒரு குறை இருந்தது. குடலைச் சுருக்குவது ஹிஸ்டமீன் மட்டுமன்று. அசற்றைல்கோலின் முதலிய பிறவும் சுருக்கும். ஆகவே, அத்திரோப்பீன் சேர்த்து அசற்றைல்கோலினின் வினையைத் தடுத்தனர். 1937இல் போவேயும் ஸ்டாபும் ஹிஸ்டமீனின் வினையைத் தடுக்கும் மருந்தைக் கண்டபின், அதுவும் ஒரு சாட்சியாயிற்று. அத்தகைய மருந்திட்டதும் சுருக்கம் ஒழியுமாயின் சுருக்கியது ஹிஸ்டமீனே எனத் துணியலாம்.

இதற்கிடையே, 1927இல் பெஸ்ட், டேல், டட்லி, தோர்ப் ஆகியோர் புதிய ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் ஹிஸ்டமீனைப் பிரித்தெடுத்தமை பெரியதொரு திருப்பமாகும். அழுகலின் விளைவென முன்னர் எண்ணப்பட்ட பொருள் நலமான உடலிலும் இயல்பாக உள்ளதென்பது தெளிவாயிற்று. எனவே, ஒரு பொருளில் ஹிஸ்டமீன் உண்டு என்று மட்டும் கூறுதல் பயனற்றதாயிற்று. எவ்வளவு உண்டு என்பதே வினாவாயிற்று. இன்சுலின் ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற அதே பெஸ்ட், 1929இல் ஹிஸ்டமீனை அழிக்கும் ஆற்றல் உடலிழையங்களுக்கு உண்டெனவும் காட்டினார். அவ்வாற்றலுக்குரிய நொதியம் பின்னர் ஹிஸ்டமினேசு எனப் பெயர்பெற்றது. உணவோடு புகும் சிறிதளவு ஹிஸ்டமீன் நம்மைத் தாக்காதிருப்பது பெரிதும் இந்நொதியத்தின் காவலால் ஆகும்.

சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடீன் மிகுதி. பிடிபட்ட மீன் வெப்பத்திற் கிடக்குமாயின் பற்றீரியாக்கள் பெருகி அதனை ஹிஸ்டமீனாக மாற்றுகின்றன. 1950களில் ஜப்பானிய ஆய்வாளர் மீனுண்டு நோயுற்றோரை ஆராய்ந்து, இன்று மோர்கனெல்லா மோர்கனி எனப்படும் பற்றீரியாவின் பங்கைத் தெளிவுபடுத்தினர். முகஞ்சிவத்தல், தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, தோற்கடி, வாந்தி என்பன இந்நோயின் குறிகள். சமைக்கும்போது பற்றீரியா மடியும், ஹிஸ்டமீன் மடியாது. கருவாடாக்கினும், தகரத்தில் அடைத்துச் சூடேற்றினும் முன்னரே விளைந்த ஹிஸ்டமீன் எஞ்சியே நிற்கும்.

கினிப்பன்றியின் குடலைக் கொண்டு சந்தை மீனையெல்லாம் சோதித்தல் இயலாது. அவ்விடர்ப்பாட்டை நீக்கியது ஒளியாகும். 1959இல் அமெரிக்காவில் ஷோர், புர்க்ஹால்ட்டர், கோன் என்னும் மூவர் புதிய முறை ஒன்றை வெளியிட்டனர். மாதிரியை அமிலத்தில் அரைத்துப் புரதத்தை வீழ்த்துவர். காரமூட்டி உப்பால் நிறைவித்த கரைசலிலிருந்து ஹிஸ்டமீனைப் பியூற்றனோலுக்குள் இழுப்பர். அதிலிருந்து மீண்டும் நீர்த்த அமிலத்துக்குக் கொணர்வர். அதன்பின் ஓதோதலல்டிகைட்டு என்னும் பொருளைக் காரநிலையிற் சேர்த்து, பின்னர் அமிலமாக்குவர். இவ்வாறு விளைந்த சேர்வையின்மேற் புறவூதா ஒளி பட்டால் அது நீலநிறமாய் ஒளிரும். அவ்வொளிர்வின் செறிவே ஹிஸ்டமீனின் அளவாகும். மீன் ஆய்வுக்கெனப் பியூற்றனோலுக்குப் பதிலாக அயன் பரிமாற்று நிரலைக் கையாண்டு இம்முறை எளிமையாக்கப்பட்டது. அமெரிக்க அரசாங்கப் பகுப்பாய்வாளர் சங்கம் 1977இல் அதனைத் தன் முறைகளுள் ஒன்றாக ஏற்றது.

அதே 1977ஆம் ஆண்டு இலங்கையின் மருத்துவ வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது. 1952இல் வழக்குக்கு வந்த ஐசோனியசிட்டு, காசநோயாளர்க்கு உயிர்மீட்டியாய் அமைந்த மருந்து. அம்மருந்துண்பவர் ஒருவருக்கு மீனுணவின் பின் முகஞ்சிவந்து நெஞ்சு படபடக்குமாயின், மருந்தே பகையாயிற்று என்று எண்ணுதல் இயல்பு. அவ்வாறெண்ணி மருந்தைக் கைவிடுபவரை நோய் மீண்டும் பற்றும். அவரிடமிருந்து வீட்டாருக்கும் அயலாருக்கும் தொற்றும். மார்புநோய் மருத்துவரான சி. ஜி. உரகொடவும், மருந்தியற் பேராசிரியரான எஸ். ஆர். கொட்டேகொடவும் இச்சிக்கலை ஆராய்ந்து, ஹிஸ்டமீன் மிகுந்த மீனை ஐசோனியசிட்டு உண்ணும் நோயாளர் உண்டபோது இத்தகைய தாக்கங்கள் விளைந்ததை 1977இல் வெளியிட்டனர். ஹிஸ்டமீனை அழிக்கும் நொதியத்தை ஐசோனியசிட்டு தடுக்கின்றது. காவலிழந்த உடல், ஏனையோர் தாங்கக்கூடிய அளவையும் தாங்கமாட்டாது போகின்றது. மறு ஆண்டில் நிமல் சேனாநாயக்க, எஸ். வைரவநாதன் முதலியோர், இத்தகைய தாக்கத்தின் பின் மூளைக்குருதிக்கலன் விபத்துக்கு உள்ளான நோயாளர் ஒருவரைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினர். இது வெறும் அரிப்பும் சிவப்பும் அன்று என்பதை உலகம் உணர்ந்தது.

இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று முன்னரே இங்கிலாந்தில் நேர்ந்திருந்தது. மனச்சோர்வுக்கான ஒருவகை மருந்துண்போர் பாற்கட்டி உண்டபின் கடுந்தலையிடியும் குருதியழுத்த உயர்வும் அடைவதை 1963இல் பிளக்வெல் சுட்டினார். அங்குக் காரணமாயிருந்தது தைரமீன் என்னும் அமீன். ஈரிடத்தும் நோயாளர் உண்டது யாது எனப் பரிவுடன் வினவிய மருத்துவரின் செவியும், உணவில் இருந்த அமீனின் அளவும் சேர்ந்தே உண்மையை வெளிப்படுத்தின. மருந்தை விடவேண்டியதில்லை, அம்மருந்துண்ணும் காலத்தில் அத்தகைய உணவை விடுதலே வேண்டும் என்னும் தெளிவு அதனாற் பிறந்தது.

இக்காலத்தில் உயர்வினைத்திறன் திரவ நிறப்பகுப்பு என்னும் முறை, ஹிஸ்டமீன், தைரமீன், புத்திரசீன், கடவரீன் ஆகியவற்றை ஒரே ஓட்டத்திற் பிரித்து அளக்கின்றது. சர்வதேச உணவு நியமங்கள் மீனில் ஒரு கிலோகிராமுக்கு 200 மில்லிகிராம் ஹிஸ்டமீனை எல்லையாக வகுத்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியமோ ஒரு தொகுதியில் 9 மாதிரிகளைச் சோதிக்கப் பணிக்கின்றது. அவற்றின் சராசரி 100 மில்லிகிராமை மீறலாகாது. 100க்கும் 200க்கும் இடைப்பட்டவை இரண்டுக்கு மேற்படலாகாது. 200ஐ ஒன்றேனும் தாண்டலாகாது. ஒன்பது எதற்கு என வினவலாம். ஒரே படகின் மீன்களுள் ஒன்று தூயதாகவும் மற்றொன்று நஞ்சு மிகுந்ததாகவும் இருக்கும். ஒரே மீனிலும் பகுதிக்குப் பகுதி அளவு வேறுபடும். நுண்கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதனுள் இடப்படும் துண்டு முழுத்தொகுதிக்கும் சான்றாகாவிடின் பெறும் எண் பொய்யாகும்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் இலங்கைச் சூரையினத்து மீன்கள் இவ்வளவைக்கு உட்பட்டாக வேண்டும். தாம்போதியைக் கடந்து உள்ளூருக்கு வரும் பெட்டி மீனுக்கு ஆய்வுகூடம் அருகில் இல்லை. ஆயினும் ஆய்வுகூடம் கண்ட உண்மை அங்கும் செல்லும். பற்றீரியாவின் தொழில் 4 பாகை செல்சியசுக்குக் கீழ் மிகவும் மந்தமாகின்றது. ஆகவே வலையிலிருந்து எடுத்த முதல் மணித்தியாலத்தில் இடும் பனிக்கட்டியே தலையாய காவல். கொறுக்காய்ப்புளியிட்டு மீனைப் பதப்படுத்தும் இந்நாட்டு மரபும் பொருளற்றதன்று. புளியின் அமிலம் பற்றீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. எனினும் நேரங்கடந்து இட்ட பனியோ புளியோ முன்னரே விளைந்த நஞ்சை மீட்டெடாது. குடற்றசையின் சுருக்கத்தில் தொடங்கி ஒளியின் செறிவுக்கு வளர்ந்த இந்நூற்றாண்டுக்கு மேற்பட்ட அளவை வரலாறு, மீன் விற்போருக்கும் வாங்குவோருக்கும் காசநோயாளரைப் பேணுவோருக்கும் கற்பிக்கும் பாடம் இதுவே.