தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயக் கல்லறைகள்

காரைக்காலுக்கு வடக்கே, பொறையாற்றை அடுத்த கடற்கரை ஊரான தரங்கம்பாடியில் (மயிலாடுதுறை மாவட்டம்) உள்ள லுத்தரன் ஆலயத்தினுள்ளும் அதன் வளாகத்திலும் அமைந்த கல்லறைகள். தமிழ் அச்சு வரலாற்றில் ஆர்வமுள்ளோர் தேடிச் சென்று காணும் இடங்களுள் முதன்மையானது இது.

வரலாறு: தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிசுக்காரர் வசம் இருந்தது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய செருமானியர் பர்த்தலோமேயு சீகன்பால்கு (1682–1719), ஐன்ரிக் புளூச்சோவுடன் 1706 சூலை 9 அன்று இங்கு வந்தார். தமிழ் கற்று, ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் பட்டியலிட்டார். இவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இங்கேயே 1715இல் அச்சாகி முடிந்தது. புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரி 23 அன்று, 36ஆம் வயதில் காலமான சீகன்பால்கு அதனுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். 1720இல் மறைந்த உடன்பணியாளர் கிரண்ட்லரின் கல்லறையும் ஆலயத்தினுள் உள்ளது.

காண வேண்டியவை: ஆலய முகப்பில் மன்னர் பிரடெரிக்கின் முத்திரை, பலிபீடத்தருகே இக்கல்லறைகள், வளாகத்தில் பிற்கால மிசனரிமாரின் கல்லறைகள். அண்மையில் டேன்சுபோர்க் கோட்டையும் 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும் உள்ளன.

வருவோர்க்கு: இது இன்றும் வழிபாடு நடைபெறும் ஆலயம். ஆராதனை வேளையைத் தவிர்த்துச் செல்வது முறை. உப்புக்காற்றில் தேயும் கல்வெட்டுகளைத் தொடாமல் படிப்பதும், கல்லறைகள்மீது அமராதிருப்பதும் நாம் இவர்களுக்குச் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.