உயர்தரத் தமிழும் இசட் புள்ளியும்

க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவில் தமிழைத் தெரிவுசெய்யும் மாணவர் பலர், தாய்மொழிதானே, எளிதிற் சித்தியடைந்துவிடலாம் என்ற எண்ணத்துடனேயே அதனை நாடுகின்றனர். ஆனால் சித்தியடைவது வேறு, பல்கலைக்கழக அனுமதி பெறுவது வேறு. இவ்வேறுபாட்டைத் தொடக்கத்தில் அறியாதவர்கள், பெறுபேறு வெளியாகும் நாளிலேயே அதனை உணர நேருகின்றது.

பல்கலைக்கழக அனுமதிக்கு 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளியே அடிப்படையாக உள்ளது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் சராசரியைக் கழித்து, எஞ்சுவதை நியம விலகலால் வகுத்தால் கிடைப்பது அது. மூன்று பாடங்களுக்குமான இசட் புள்ளிகளின் சராசரியே இறுதியிற் கணிக்கப்படும். உதாரணமாக, ஒருவர் இரு பாடங்களில் 70 புள்ளிகள் பெறுவதாகவும், இரண்டிலும் நியம விலகல் 10 எனவும் கொள்வோம். சராசரி 60 ஆகவுள்ள பாடத்தில் அவருடைய இசட் புள்ளி 1. சராசரி 50 ஆகவுள்ள பாடத்தில் அது 2. எனவே, எவ்வளவு பெற்றோம் என்பதிலும், ஏனையோரிலிருந்து எவ்வளவு உயர்ந்து நின்றோம் என்பதே முக்கியமாகின்றது.

குறிப்புகளை மட்டும் நம்புவதன் ஆபத்தும் இதிலேயே உள்ளது. தனியார் கல்வி நிலையத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே குறிப்பை மனனஞ் செய்து ஒரே விடையை எழுதினால், அவர்கள் சராசரியை அண்டியே நிற்பர். குறிப்பு கைகொடுப்பது சித்தியடைவதற்கு மட்டுமே. உயர்வதற்கு மூலநூலைப் படித்தேயாகவேண்டும்.

இலக்கியப் பரீட்சை யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1921இல் இங்கு தொடங்கிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் எனப் படிமுறையாகப் பரீட்சைகளை நடத்தியது. அம்மரபில் நூலைப் பாடங்கேட்டுக் கற்பதே கல்வியாகக் கருதப்பட்டது. இன்றைய மாணவரும் அதனைப் பின்பற்றலாம். செய்யுளை முதலில் வாய்விட்டு வாசித்து, பதம் பிரித்து, பொருளைத் தம் சொந்த நடையில் எழுதிப் பார்த்த பின்னரே குறிப்பைத் திறத்தல் நன்று. இலக்கண விதிகளைத் தனியே மனனஞ் செய்யாது, படிக்கும் செய்யுளிலேயே உதாரணங் காணவேண்டும். இலக்கிய வரலாற்றுக்கு வி. செல்வநாயகத்தின் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ இன்றும் பயன்தரும். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகள், பரீட்சார்த்திகள் எங்கே தவறுகின்றனர் என்பதைக் காட்டுவன. கடந்தகால வினாத்தாள்களோடு அவற்றையும் சேர்த்துப் படித்தல் அவசியம்.

இவ்வினாத்தாள் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. அக்கரைப்பற்றிலும் புத்தளத்திலும் ஹற்றனிலும் உள்ள மாணவரும் அதே நாளில் அதற்கே விடையளிக்கின்றனர். பாடப்பொருளும் அவ்வாறே பொதுவானது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழ்க் காப்பிய வரலாற்றை எழுதவியலாது. முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவர் யாழ்ப்பாணத்தவர். முஸ்லிம்களின் தமிழ்த்தொண்டை விரிவாக ஆராய்ந்த ம.மு. உவைஸ், பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக விளங்கினார். இவற்றைத் தமிழ் மாணவர் ‘அவர்களுடையவை’ என்றோ, முஸ்லிம் மாணவர் சைவ, வைணவ இலக்கியங்களை ‘நமக்குரியவை அல்ல’ என்றோ தள்ளிவைப்பது, புள்ளியையும் இழக்கச் செய்யும். மரபின் ஒரு பகுதியையும் இழக்கச் செய்யும்.

நூல்களை இழந்த வரலாறு நம்முடையது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் வீட்டுப் புத்தகங்களை விட்டே சென்றன. கையெழுத்துக் குறிப்புகளில் மாணவர் தங்கியிருக்க நேர்ந்தமைக்கு இவ்விழப்புகளும் ஒரு காரணமே. இன்று நிலைமை மாறியுள்ளது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றி வாசிக்கலாம்.

ஆகவே, பாடசாலைகள் செய்யவேண்டிய முதற் கடமை, உயர்தர வகுப்பின் நேரசூசியில் வாரத்துக்கு ஒரு பாடவேளையையாவது மூலநூல் வாசிப்புக்கு ஒதுக்குவதாகும். தனியார் வகுப்புக்குப் பணஞ் செலுத்த இயலாத பிள்ளைக்கும் ஏனையோரோடு சமமாகப் போட்டியிட அது வழிசெய்யும்.