கட்டளை: சாவா ஆட்டிலிருந்து அறக்கட்டளை வரை

‘இன்னிக்கு யார் கட்டளை?’ என்று கோயில் மடப்பள்ளியில் கேட்பார்கள். யாருடைய உத்தரவு என்று அதற்குப் பொருளில்லை. இன்றைய பூஜையும் தளிகையும் யார் வைத்த முதலிலிருந்து நடக்கின்றன என்பதே கேள்வி.

அளவு, அச்சு என்பவை கட்டளையின் பழைய பொருள்கள். செங்கல் அறுக்கும் அச்சுக்கும் அகராதியில் அந்தப் பெயர் உண்டு. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் கட்டளைக்கல். திருக்குறளிலேயே அது வருகிறது. அளவிட்டுச் சொன்ன சொல் ஆணையாயிற்று. இன்ன நிலத்து விளைச்சலில், இன்ன நாளில், இன்னது செய்க என்று அளவிட்டு எழுதிவைத்த தருமமும் கட்டளையாயிற்று. திருவாரூர் தியாகராசர் கோயிலில் ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை என்று பெயர்களே நிலைத்துவிட்டன.

சோழர் காலக் கல்வெட்டுகள் வேறு சொற்களைத் தருகின்றன. அறத்துக்கு விட்ட நிலம் அறப்புறம். முதலுக்கு வரும் வட்டி பலிசை. எல்லாவற்றிலும் அழகானது ‘சாவா மூவாப் பேராடு’. ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகளை, சில இடங்களில் 90 ஆடுகளை, இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழியும், குட்டி அதன் இடத்துக்கு வரும். கணக்கில் எண்ணிக்கை குறையாது. அவருக்குப் பின் மந்தையும் கடமையும் சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகும். சந்ததிக்குப் பிழைப்பும் உண்டு, விளக்குக்கு நெய்யும் உண்டு. முதலை மட்டும் யாரும் தின்றுவிட முடியாது. இதைவிடக் கெட்டியான ஏற்பாட்டை நான் அறியேன்.

சந்ததிக்கு வைப்பதையும் தருமத்துக்கு வைப்பதையும் வெள்ளையர் சட்டம் பிரித்தது. 1882-ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டம் குடும்ப டிரஸ்ட் போன்ற தனியார் ஏற்பாடுகளுக்கானது. தரும சொத்துகளை அது தொடவில்லை. அதே ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, வாரிசுகளுக்கென்று ஒரு சொத்தைக் காலவரம்பின்றிக் கட்டிவைக்க முடியாது, பொதுநன்மைக்கென்றால் முடியும். ஆகவே தருமம் எழுதியவர்கள் பலர் சொத்தை ஊருக்கும், அதை நடத்தும் உரிமையைப் பிள்ளைகளுக்கும் விட்டார்கள். பரம்பரைத் தர்மகர்த்தா என்ற பதவி அப்படி வேரூன்றியது. பின்னாளில் தர்மகர்த்தா அறங்காவலரானார், டிரஸ்ட் அறக்கட்டளையாயிற்று.

எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதற்குப் பச்சையப்ப முதலியார் சாட்சி. 1794-இல் அவர் இறந்தபின் உயிலில் சொன்ன தருமப் பணம் பல்லாண்டுகள் வழக்கில் கிடந்தது. அதிலிருந்து சென்னையில் பள்ளி எழுந்தது 1842-இல்தான்.

செங்கல்பட்டுக் கடற்கரையின் பெரிய கட்டளை ஆளவந்தார் நாயக்கருடையது. நெம்மேலிக்காரர். வெறும் மணலாகக் கிடந்த கரையில் சவுக்கு வைத்துத் தோப்பாக்கி, ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 1914-இல் பெருமாள் கோயில் கைங்கரியங்களுக்கும் அன்னதானத்துக்கும் எழுதிவைத்தார். அந்தக் கட்டளை இன்று அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நிற்பதும் இந்த அறக்கட்டளையிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில்தான். நிலமாக வைத்ததால் அது தழைத்தது.

ரொக்கமாக வைத்த கட்டளைகளின் கதி வேறு. ஐம்பது ஆண்டுக்கு முன் வங்கியில் போட்ட ஐந்நூறு ரூபாயின் வட்டி இன்று ஒரு வேளைத் தளிகைக்குக் காணாது. சாவா ஆடு குட்டி போட்டது; வைப்புத்தொகை விலைவாசிக்கு முன்னால் மெலிந்துகொண்டே போகிறது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ திருவிடந்தையிலோ மாமல்லபுரத்திலோ திருக்கழுக்குன்றத்திலோ ஒரு கட்டளை வைத்திருந்தால், கோயில் அலுவலகத்தில் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். பெயர் இருந்து பூஜை நின்றிருந்தால், முதலைக் கூட்டிவையுங்கள்.