தபால் வண்டி மேரி

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குதிரை வண்டி ஓட்டியவர்கள் என்றதும் திரைப்படங்களிற் கண்ட வெள்ளையின ஆடவரே நம் நினைவுக்கு வருவர். மேரி ஃபீல்ட்ஸ் ஒரு கறுப்பினப் பெண். 1832ஆம் ஆண்டளவில் ரெனசி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலை பெற்றபின் ரொலிடோ நகரிலுள்ள உர்சுலைன் கன்னியர் மடத்தில் ஊழியஞ் செய்தார். மடத்தலைவி அமதேயுஸ் மொன்ரானாவில் நோயுற்றிருப்பதறிந்து, 1885இல் அங்கிருந்த புனித பேதுரு மிஷனுக்குச் சென்று அவரைப் பராமரித்தார். சலவை, தோட்டம், பொதி வண்டி யாவும் மேரியின் பொறுப்பாயின.

1894இல், ஆண் பணியாளர் ஒருவருடன் மூண்ட தகராற்றைக் காரணங்காட்டி ஆயர் அவரை மிஷனிலிருந்து வெளியேற்றினார். அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது.

மறுவருடமே அயலிலுள்ள கஸ்கேட் ஊரிலிருந்து தபால் கொண்டுசெல்லும் ஒப்பந்தத்தை மேரி பெற்றார். இத்தகைய வழிகளைத் தபால் திணைக்களம் தனியாருக்குக் கேள்விமுறையில் வழங்கிவந்தது. வழியின் மறுமுனை எதுவெனின், அவரை வெளியேற்றிய அதே மிஷன்! 1903 வரை, நான்காண்டு ஒப்பந்தங்கள் இரண்டினை நிறைவேற்றினார். பனி மூடிக் குதிரைகள் நகரமுடியாத நாட்களில் பனிமிதியடி அணிந்து, தபால் மூட்டையைத் தோளிற் சுமந்து நடந்தார். கடிதமொன்றின் பெறுமதியை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அவருடைய துப்பாக்கியையும் சுருட்டையும் பற்றிய கதைகள் ஏராளம். அவற்றுட் பல மிகையென்றே தோன்றுகின்றன. தபால் ஒப்பந்தமோ அரச ஏட்டிற் பதிவானது.

முதுமையில் கஸ்கேட்டிலேயே சலவைத் தொழில் செய்தார். 1912இல் அவர் வீடு எரிந்தபோது ஊரவர் கூடிப் புதியதொன்று கட்டிக்கொடுத்தனர். 1914இல் காலமானார்.